கலிஸ்ரா தைப்பித்த கோட்

கொக்கிளாயில் கலிஸ்ராவைப் பற்றி விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வாய்க்காரி என்பார்கள், பிடிவாதக்காரி என்பார்கள், ஆம்பிளை மாதிரி என்பார்கள். இந்தக் கடைசிப் பட்டத்தைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண் தன் காலில் நின்றுவிட்டால் உடனே அவளை ஆம்பிளையாக்கி விடுவதில் இவர்களுக்கு என்ன சந்தோசமோ! நான் அவளுடன் எத்தனையோ வருடமாகக் கடலோரக் களப்புத் தண்ணீரில் இறங்கி இறால் பிடிக்கிறவள். அந்தக் கோட் விசயத்தை ஊர் சொல்லிச் சிரிக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

கலிஸ்ராவின் புருசன் அன்ரன் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். மகள் ஜெயரூபினி அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியதும் கலிஸ்ரா யார் கையையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சேட்டும் போட்டுக்கொண்டு, வீச்சுவலையுடன் களப்பில் இறங்கிவிட்டாள். பெண்கள் வலை வீசுவதில்லை என்று சொன்னவர்களின் கண்முன்னாலேயே வீசினாள். அந்த வலையில்தான் மகள் படித்தாள், பாலர் பாடசாலை ரீச்சரானாள். பிறகு முல்லைத்தீவுப் பொடியன் நிரோஜனை விரும்பினாள். இரண்டு வீட்டிலும் பேசி முடித்துக் கலியாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சனத்தில் கலியாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரை மணப்பொம்பிளையைக் கைபிடித்துக் கூட்டிப் போவது தகப்பன். தகப்பன் இல்லாவிட்டால் தாய்மாமன். எப்படியும் கோட் சூட் போட்ட ஒரு ஆள் நடக்க வேண்டும். தாய் முன்வரிசை வாங்கில் இருந்து கண்ணைத் துடைப்பதோடு சரி. கலிஸ்ராவின் தமையன் யாகப்பு கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும் பரீட்சை வந்தபோதும் நான் அவரை அந்த முற்றத்தில் கண்டதில்லை. கலியாணம் என்றதும் வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு, தான் எப்படி நடக்கப் போகிறேன் என்று சொல்லத் தொடங்கினார்.

"அண்ணை, ரூபினியை நான்தான் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள் கலிஸ்ரா.

யாகப்பு சிரித்துவிட்டார். "விசர்க் கதை கதையாதை. பொம்பிளைக்குப் பக்கத்தில கோட் போட்ட ஆள் எல்லோ நடக்க வேணும்? நீ போய் நிண்டால் கலியாணப் படத்தில எப்பிடிக் கிடக்கும்?"

"கோட்தானே பிரச்சினை? நான் ஒண்டு தைப்பிக்கிறன்."

அவர் அதைப் பகிடி என்று நினைத்துத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். இவள் நேரே பங்குச் சுவாமியிடம் போனாள். தாய் கூட்டிவருவதற்குக் கோயிலில் ஒரு தடையும் இல்லை, நேரத்துக்கு மட்டும் வந்து சேருங்கோ என்று அவர் சொல்லிவிட்டார். ஆக, தடை கோயிலில் இல்லை, எங்கள் சனத்தின் வாயில்தான் இருந்தது. அந்த வாய்க்குப் பயந்து மகளின் பக்கத்தில் நடக்காமல் விட்டால், பிறகு தன்னால் இந்த ஊரில் நிமிர்ந்து நடக்க முடியாது என்று கலிஸ்ரா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது வலையிலிருந்த பாசியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். கோபத்தில்தான்.

நாங்கள் இருவரும் போன முல்லைத்தீவுத் துணிக்கடையில் கோட்டுத் துணி வேண்டும் என்றதும் கடைக்காரர் யோசிக்காமல் கறுப்பை எடுத்து விரித்தார். "கோட் எண்டால் கறுப்புத்தான் அக்கா. எடுப்பாயிருக்கும்."

"கறுப்பு வேண்டாம்."

"ஏன் அக்கா, எல்லாரும்…"

"கறுப்பு நாங்கள் செத்தவைக்குப் போடுறது. என்ர மனுசன் செத்திட்டாரெண்டு ஒருத்தரும் எனக்குக் கொண்டுவந்து காட்டேல்லை. அதை மடிச்சு வையுங்கோ."

கடைக்காரர் கறுப்பை மடித்து உள்ளே வைத்தார். நல்ல மனிதர், ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே இருந்தார். கலிஸ்ரா ஒவ்வொரு துணியையும் கைக்குள் வைத்துக் கசக்கி, விட்டுப் பார்த்தாள். கம்பளி கலந்த ஒன்று பிடித்திருந்தது, ஆனால் தடிப்பு. "இதைப் போட்டால் பீடத்துக்குப் போக முதல் அவிஞ்சு போவன்" என்று தள்ளினாள். இன்னொன்று மினுங்கியது, அதை அவள் தொடவேயில்லை. கடைசியில், அடித்தட்டில் கிடந்த ஒரு துணி வந்தது. நாவல்பழ நிறம். மெல்லிசு, ஆனால் பிடித்துத் தொங்கவிட்டால் சுருளாமல் விழுந்தது. கசக்கி விட்டதும் தானாக விரிந்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். இதையே எடு என்றேன்.

துணி கிடைத்தது, தையல்காரர் கிடைக்கவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் இருந்தவர் பெண்களுக்கு அளவெடுப்பதில்லை என்றார். எதிர்ப்பக்கத்தில் சட்டை தைக்கிற பிள்ளை, கோட் தனக்குக் கைவராது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். பிறகு வவுனியாவுக்கு பஸ் ஏறினோம். அங்கே மாப்பிள்ளைக் கோட்டுக்குப் பேர்போன வீரகத்தி என்பவரின் கடை இருந்தது.

"மாப்பிள்ளை வரேல்லையோ?" என்று கேட்டார் வீரகத்தி.

"எனக்குத்தான் ஐயா. கோட்டும் காற்சட்டையும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் கலிஸ்ரா அங்கேயேதான் நின்றாள். உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி பத்மாசனி எழும்பி வந்து, அவர் கழுத்திலிருந்த அளவுநாடாவை உருவி எடுத்தார். "நான் அளக்கிறன். நீங்கள் அங்கால திரும்பி இருந்து எழுதுங்கோ" என்றார். வீரகத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு எழுத, பத்மாசனி சொல்லச் சொல்ல, ஒரு வழியாக அளவெடுத்து முடிந்தது. தோளை மட்டும் பத்மாசனி இரண்டு முறை அளந்தார்.

"இதென்ன பிள்ளை, இந்தத் தோள்!"

"வலை வீசின தோள் அக்கா" என்றாள் கலிஸ்ரா.

போட்டுப் பார்க்கப் போன அன்று வந்தது வினை. கோட் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கலிஸ்ரா கண்ணாடிக்கு முன்னால் நின்று வலை வீசுவதுபோலக் கையைத் தூக்கினாள். அக்குளில் டர்ரென்று கிழிந்தது.

"கோட் போட்டுக்கொண்டு ஆர் பிள்ளை கையைத் தூக்கிறது?" என்றார் வீரகத்தி. பிறகு மெதுவாக, தோளைக் கொஞ்சம் ஒடுக்கித் தைத்ததாக ஒப்புக்கொண்டார். அவள் பெண்பிள்ளையாகத் தெரியட்டும் என்று இரக்கப்பட்டுச் செய்தாராம். இந்த இரக்கத்தைத்தான் நாங்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறோம்.

"நான் குறைக்கச் சொல்லிக் கேட்டனானே? அளவெடுத்தது என்னை. நீங்கள் தைச்சிருக்கிறது வேற ஆருக்கோ."

"சனம் பழிக்கும் பிள்ளை, அதுக்குத்தான்…"

"இந்தத் தோளிலதான் என்ர பிள்ளை வளந்தது. இதை நான் ஏன் ஒளிக்க வேணும்?"

பத்மாசனி கத்திரிக்கோலை எடுத்துப் புருசனின் கையில் வைத்தார். "தையலைப் பிரியுங்கோ." நல்ல காலம், வீரகத்தி தையலுக்கு உள்ளே துணி மிச்சம் விட்டிருந்தார். மறுபடி தைத்துத் தந்த கோட் கலிஸ்ராவின் தோளில் அப்படியே உட்கார்ந்தது. கையைத் தூக்கினாள், தூக்க வந்தது. பத்மாசனி கைதட்டினார்.

அதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. கலிஸ்ராவுக்கு விசர் முற்றிவிட்டது என்றார்கள். சம்பந்தி வீட்டார் கலியாணத்தை நிறுத்தப் போகிறார்கள் என்றும் ஒரு கதை உலாவியது. நிரோஜனிடமே கேட்டேன். "மாமி என்ன உடுத்தினாலும் எனக்கென்ன அக்கா? நான் ரூபினியைத்தான் கட்டுறன்" என்றான். யாகப்பு மட்டும் விடவில்லை. தானும் புதிதாக ஒரு கோட் தைப்பித்தார். கறுப்பு.

கலியாணத்தன்று கோயில் வாசலில் அந்தக் கோட்டுடன் அவர் நின்றார். வான் வண்டியிலிருந்து கலிஸ்ரா இறங்கினாள். நாவல்பழ நிறக் கோட்டும் காற்சட்டையும், கொண்டையில் மல்லிகை. பின்னால் வெள்ளை உடுப்பில் மகள். யாகப்பு முன்னுக்கு வந்தார்.

"தங்கச்சி, சனம் நிறைஞ்சு போய்க் கிடக்கு. காற்சட்டையோட உள்ளுக்குப் போகாதை. குடும்ப மானம் போகும்."

"களப்பில நான் காற்சட்டையோட நிக்கேக்கை போகாத மானமோ அண்ணை?"

அவர் மருமகளிடம் கையை நீட்டினார். "வா பிள்ளை."

ரூபினி அந்தக் கையைப் பார்த்தாள். "மாமா, வழியை விடுங்கோ. அம்மா நிக்கிறா" என்றாள்.

அவர் விலகினார். தாயும் மகளும் கை கோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலில் நின்ற நானும் ஓடிப்போய் நடுவாங்கில் இருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று தெரியும், பெயரைச் சொன்னால் ஊரில் சண்டை வரும். சிரிப்பு ஒரு வாங்கிலிருந்து அடுத்த வாங்குக்குத் தொற்றியது. கலிஸ்ரா நடுவழியில் நின்றாள். முழுதாகத் திரும்பினாள்.

"சிரிச்சு முடியுங்கோ. நாங்கள் நிக்கிறம்" என்றாள்.

ஒரு குழந்தை சிணுங்கியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். கலிஸ்ரா அவசரப்படவேயில்லை. எல்லோருடைய முகத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் திரும்பி நடந்தாள்.

பீடத்தடியில் நிரோஜன் காத்திருந்தான். சுவாமி வழக்கமான கேள்வியைக் கேட்டார், இந்தப் பெண்ணைக் கூட்டிவந்து ஒப்படைப்பது யார் என்று.

"தாய்" என்றாள் கலிஸ்ரா. கடைசி வாங்குக்கும் கேட்டது.