பதினொரு வீட்டு முறை

"பரமேஸ் அக்கா மோசம் போயிட்டா. கிணத்தடியிலதான் கிடந்தவா" என்று தர்மபுரத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் பாலையடி வெட்டையில் கடைசியாகக் குடியிருந்தவரும் இறந்துவிட்டார். பூவரசங்குளத்து வீட்டில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சட்டென்று குழாயை மூடினேன். ஏனோ வெட்கமாக இருந்தது.

இரணைமடுக் குளத்து வாய்க்கால் எட்டாத அந்த வறண்ட வெட்டை நிலத்தில் பதினொரு குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறினோம். ஒரே கிணறு, அதுவும் மெல்லத்தான் ஊறும். அதனால் முறை வைத்தோம். விடிந்ததும் அக்கா கிணற்றடியில் நின்று வீட்டுக்காரர் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார். 'ஓம்' என்று பதில் வந்தால்தான் வாளி இறங்கும். வராதவருக்காகப் பொறுத்திருந்து, அவர் பங்கைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். அந்த நீரில் மிளகாயும் பயறும் விளைந்தன. என் கலியாணத்தன்றுகூட ஒரு வாளி கூடுதலாகத் தரவில்லை. "மாப்பிள்ளைக்கு அவ்வளவு ஊத்தையோ?" என்று கேட்டார்.

போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பியவை ஐந்து வீடுகள்தாம். அக்கா பதினொரு பெயரையும் கூப்பிட்டார். தனி வீடு வைத்திருந்து, கடைசிச் சண்டையில் காணாமற்போன தன் மகன் ரவியின் பெயரும் அதில் இருந்தது. ஒரு கோடையில் பயிர் கருகியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆளில்லாத வீடுகளின் பெயரை வெட்டிவிட்டு, அந்தப் பங்கை இருப்பவர்கள் அள்ளுவோம் என்று சத்தம் போட்டேன். அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி. முதல்ல என்ர மகன்ர பேரை வெட்டுங்கோ. பிறகு மற்றவையின்ர பேரை வெட்டலாம்."

பதினொரு பெயரும் அப்படியே இருந்தன. அடுத்த கோடைக்குள் நான் வெளியேறினேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்; அக்கா மட்டும் போகவில்லை. ஆளில்லை என்று நினைத்த வெட்டையில் பெயர்கள் கேட்கின்றன என்று மாடு தேடிப் போனவர்கள் பயந்து சொன்னார்கள். என் பெயரும் கேட்டதாம். அதன்பிறகு விடியலில் விழித்தால், யாரோ என்னைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பது போலவே இருக்கும்.

செய்தி கேட்ட அன்றே வெட்டைக்குப் போனேன். அக்காவைக் குளிப்பாட்ட நீர் அள்ளவேண்டும். பழைய ஆட்கள் நான்கு பேர் நின்றோம். வாளியைத் தொட எவருக்கும் கை வரவில்லை. கடைசியில் நானே பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் பொறுத்தோம். ரவியின் பெயருக்கு நெடுநேரம் பொறுத்தோம். பிறகு என் பெயரைக் கூப்பிட்டு, நானே 'ஓம்' என்றேன். அள்ளிய நீரைக் குளிப்பாட்டும் பெண்களிடம் கொடுத்தேன்.

இத்தனை விடியலும் நான் வந்து எடுக்காத பங்கெல்லாம் உங்களுக்குத்தான், அக்கா. போய் வாருங்கள்.