தொடாமல் எழுதிய குறிப்பு

இந்தச் சாட்சியை எழுத எனக்கு ஆசையே இல்லை. ஆறு மாதமாகச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். பொய் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் ஜெபா. டாலிகஞ்சில் சனிக்கிழமை மாலை கூடுகிற நம் தமிழ் ஜெபக்கூட்டத்தில் எல்லாருக்கும் டாக்டரம்மா. சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணவர் செல்வினுக்கு வங்கியில் மாற்றலாகி, கொல்கத்தாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இங்கே ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவ வார்டு என் பொறுப்பு.

போன வருடம் மழை ஓயுமுன்பே டெங்கு ஆரம்பித்துவிட்டது. துர்கா பூஜை முடிந்தபோது வார்டில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. என்னோடு இருந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். இன்னொருவர் தாமே காய்ச்சலில் படுத்துவிட்டார். நோயாளிகள் இருபத்தாறு பேர், பார்க்க நான் ஒருத்தி. ஆறு வாரமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட வரவில்லை. 'டாக்டரம்மா ஊழியம் செய்றாங்க' என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள்.

முதலில் தூக்கம் போனது. பிறகு எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபமும் போய்விட்டது. ஒரு இளம்பெண் இறந்துபோனாள். அவளுடைய அப்பா என் முன்னால் நின்று அழுதார். இவர் எப்போது முடிப்பார், நான் எப்போது டீ குடிக்கப் போவேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

செல்வினுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"என்னட்டி, பத்து நாளா வாயே தொறக்க மாட்டேங்க? ஒரு நாலு நாள் லீவு போடேன்."

"நான் லீவு போட்டா அங்க யாரு பாப்பாங்களாம்?"

"இப்ப மட்டும் நீ பாக்கியா?"

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த நாட்களில் காலையில் மெட்ரோவில் போகும்போது நான் செய்த ஜெபத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, எனக்கே டெங்கு வரட்டும். ஒரு வாரம் படுத்துக்கிடக்கிறேன்." இதைத் தவிர வேறு ஜெபம் கிடையாது. கர்த்தர் இதைக் கேட்காததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் நோயாளியைப் பற்றிய குறிப்பைக் கம்ப்யூட்டரில் எழுதுவோம். நேற்றைய குறிப்பை ஒரு பொத்தானைத் தட்டி இன்றைக்குக் கொண்டுவந்துவிடலாம். மாறியதை மட்டும் மாற்ற வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தத்தான் அந்த வசதி. நான் ஒன்றையுமே மாற்றவில்லை. "காய்ச்சல் இல்லை. நெஞ்சு தெளிவு. புதிய தொந்தரவு இல்லை." கட்டிலின் கால்மாட்டில் நிற்பேன், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன், பதில் வருவதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். யாராவது விடாமல் ஏதாவது சொன்னால் வங்காள மொழியில் "தேக்சி, தேக்சி" என்பேன். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று அர்த்தம். எதைப் பார்த்தேன்?

பதினான்காம் கட்டிலில் சந்தியா என்கிற அம்மா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஜாதவ்பூரில் மூன்று வீடுகளில் சமையல் செய்கிறவர். கூட அவருடைய மகள் ரூபா. கல்லூரியில் படிக்கிறாள். புதன்கிழமை காலை சந்தியாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை நான் சுற்றி வந்தபோது ரூபா என் பின்னாலேயே இரண்டு கட்டில் தூரம் வந்தாள்.

"டாக்டர் அக்கா, அம்மாவுக்கு வயிறு வலிக்குதாம். ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாங்க."

"தேக்சி, தேக்சி," என்றேன்.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள். வயிற்றுவலியும் வாந்தியும் அதன் எச்சரிக்கை. மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று நேராகப் போய் உட்கார்ந்து "நெஞ்சு தெளிவு, புதிய தொந்தரவு இல்லை" என்று நேற்றைய குறிப்பையே போட்டுவிட்டு எழுந்தேன்.

பதினொரு மணி இருக்கும். எங்கள் வார்டு நர்ஸ் ஷர்மிஷ்டா என் மேஜைக்கு வந்தார். அதிகம் பேசாதவர். கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை என் முன்னால் வைத்தார். என் ஸ்டெதஸ்கோப்புதான்.

"டாக்டர், செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துலேர்ந்து இது என் டிராயர்லதான் இருக்கு. தேடி வருவீங்கன்னு பாத்தேன். வரவே இல்ல."

என் முகத்தில் ஈயாடவில்லை. புதன், வியாழன் இரண்டு காலையிலும் இருபத்தாறு பேருக்கும் நெஞ்சு தெளிவு என்று எழுதியிருக்கிறேன். காதில் எதை வைத்துக் கேட்டேன்?

அவர் என்னைத் திட்டவில்லை. "பதினாலாம் பெட்டுக்குக் கொஞ்சம் வாங்க. பிரஷர் தொண்ணூறு, எழுபத்தாறு. எனக்கு அவங்க முகமே சரியாப் படல," என்றார்.

அந்த இரண்டு எண்களும் அப்படி நெருங்கினால் ரத்தத்திலுள்ள நீர் ரத்தக்குழாய்களை விட்டு வெளியே கசிகிறது என்று அர்த்தம். ஓடினேன். சந்தியாவின் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு நாளில் அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. வலது பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். நுரையீரலின் அடியில் மூச்சுச் சத்தமே இல்லை. நீர் கட்டியிருந்தது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றச் சொல்லிவிட்டு, ஐ.சி.யூ.வில் கட்டில் கேட்கப் போனை எடுத்தேன். "சொல்லி வச்சுட்டேன் டாக்டர், ரெடியா இருக்கு," என்றார் ஷர்மிஷ்டா. நான் வாய் திறந்து ஜெபிக்குமுன்பே கர்த்தர் அந்தக் கட்டிலைப் பிடித்து வைத்திருந்தார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

சந்தியாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அன்றைய குறிப்பை நண்பகல்வரை திருத்தலாம். அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். மணி பதினொன்றே முக்கால். 'நெஞ்சு தெளிவு' என்பதை அழித்துவிட்டு 'வலது பக்கம் மூச்சுச் சத்தம் குறைவு' என்று போட்டால் தீர்ந்தது. காலையிலேயே நான் கண்டுபிடித்தது போல் ஆகிவிடும். சந்தியா செத்தாலும் என்மேல் குற்றம் வராது. என் கை அழிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு எழுத்தை அழித்தும்விட்டேன்.

அப்போது எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. எழுந்து போய், படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு முழங்காலிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வழக்கமான ஜெப வார்த்தை ஒன்றும் வரவில்லை. "அப்பா, அந்த அம்மாவைக் காப்பாத்துங்க. என்னைத் தப்பவிடாதீங்க." இவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஏங்கி ஏங்கி அழுதேன். அந்த இளம்பெண்ணுடைய அப்பாவுக்காகவும் அழுதேன்.

வந்து, அழித்த எழுத்துகளைத் திரும்பப் போட்டேன். அதன் கீழே எழுதினேன்: "மேலே உள்ள இன்றைய குறிப்பும் நேற்றைய குறிப்பும் நோயாளியைத் தொடாமல் எழுதப்பட்டவை." கீழே என் பெயர். அதை அச்செடுத்து எங்கள் யூனிட் தலைவரிடம் கொடுத்தேன். பிறகு ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு மீதி இருபத்தைந்து பேரையும் உட்காரவைத்து, முதுகைத் தொட்டுப் பார்த்தேன். சாயங்காலம்வரை ஆயிற்று. கர்த்தருடைய கிருபை, வேறு யாருக்கும் கெடுதல் நேர்ந்திருக்கவில்லை.

ரூபாவிடமும் சொன்னேன். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தாள். நீ சொன்னதை நான் காதில் வாங்கவில்லை, அம்மாவைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதினேன் என்றேன். "எனக்குத் தெரியும்," என்றாள். "நீங்க அம்மா பக்கம் திரும்பவே இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் சந்தியாவுக்குப் பிரஷர் நிலைத்தது. எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் கட்டாய விடுப்பும் கிடைத்தன. ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். விசுவாசியாக இருந்துகொண்டு அதற்குப் போகலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். அதுவும் கர்த்தர் தந்த உதவிதான். யூனிட் தலைவர் ஒன்று கேட்டார்: "முடியலன்னு ஏன் ஒரு நாள்கூட சொல்லல?" முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் எழுத வெட்கமாக இல்லை. இப்போது வார்டை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இன்னொரு டாக்டரும் வந்துவிட்டார்.

சகோதர சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் என்னைப் போல் ஒப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. கர்த்தரிடம் அழகாகப் பேச வேண்டியதில்லை. என்னால் முடியவில்லை, நான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் திருப்பமாட்டார். அதற்கு நான் சாட்சி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதற்காகத்தான் ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். போன வருடம் சாமுவேல் அண்ணன் தன் தங்கையின் ஆபரேஷனுக்காக என்னிடம் ஜெபிக்கக் கேட்டார். "கண்டிப்பா ஜெபிக்கிறேன் அண்ணா," என்றேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் கூட்டத்தில் எழுந்து நின்று, டாக்டரம்மாவின் ஜெபத்துக்கு நன்றி என்று சொன்னார். நீங்கள் எல்லாரும் அல்லேலூயா சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டேன்.

அண்ணா, நான் ஜெபிக்கவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை உங்களைப் பார்த்ததும் முதலில் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தங்கையின் பெயர் என்ன? அதைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.