எதிர்த்திசையில் சுற்றிய வாயு

அல்மாத்தி வானியல் நிலையத்தில் ரவ்ஷானுக்கு "வாயுக்காரி" என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவள் ஒரே ஒரு விண்மீன் திரளைத்தான் கட்டிக்கொண்டு மாரடித்தாள். அதன் நடுவில் ஒரு கருந்துளை கண்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வாயு கலைந்து கிடந்தது. கருந்துளை விழுங்கும்போது அதைச் சுற்றிக் கிளம்பிய வெப்பக் காற்றுதான் கலைத்தது என்பது அவள் கட்சி. கூடப் படித்து, பக்கத்து அறையில் வேலைபார்த்த கைர்கென் அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

"அக்கம்பக்கத்தைப் பாருன்னா கேக்கமாட்டேங்குற. பக்கத்துல போன ஏதோ ஒரு திரள்தான் இழுத்துக் கலைச்சிருக்கு."

"எங்க, அந்தத் திரளைக் காட்டேன் பாப்போம். படத்துலயே இல்லாதது வந்து கலைச்சிட்டுப் போச்சாக்கும்!"

அந்த வசந்தத்தில் அசி என்ற மலைமேட்டிலிருந்த தொலைநோக்கியிலிருந்து புதுப் பதிவுகள் வந்தன. திரளின் ஓரத்து வாயுவை முதல்முறையாக அளந்தாள். விண்மீன்கள் ஒரு பக்கம் சுற்ற, வாயு நேர் எதிராகச் சுற்றியது. உள்ளேயே பிறந்த வாயு அப்படிச் சுற்றாது. மறுபடி அளந்தாள்; மாறவில்லை. வால்போல நீண்ட வாயுவைத் தொடர்ந்து போனால், அது மங்கலான ஒரு குட்டித் திரளில் போய் முடிந்தது.

வீட்டில் கணவன் செரிக் வைத்த இறைச்சித் தட்டை அவள் தொடவில்லை.

"என்ன, உப்பு இல்லையா?"

"உப்பெல்லாம் இருக்கு. கைர்கென் சொன்னதுதான் சரியாப் போச்சு. அதான் உள்ள எறங்கமாட்டேங்குது."

"அவனுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

மறுநாள் காலையில் படத்தைக் கைர்கென் மேசையில் வைத்தாள். "ம், சொல்லு. வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலை."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"இவ்வளவு மங்கலா இருக்கிறதை எப்படிப் புடிச்ச? நான் தேடித் தேடி, இல்லவே இல்லைன்னு விட்டுட்டேன். உன்கிட்ட சும்மா வீம்புக்குத்தான் பேசிட்டிருந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கோப்பையிலிருந்த பால் டீயையே எடுத்துக் குடித்தாள்.

கருத்தரங்கில், "நான் இதுவரைக்கும் சொன்னது தப்பு" என்றுதான் ஆரம்பித்தாள். கைர்கென் எழுந்து, "முழுசும் தப்பில்ல. கருந்துளையை ஒட்டியிருக்கிற வாயு இவ சொன்ன மாதிரிதான் வீசுது" என்றான். கட்டுரை இருவர் பெயரிலும் வந்தது. அந்தக் குட்டித் திரள் எப்போது உரசிப் போயிருக்கும் என்பதில் இப்போது இருவருக்கும் சண்டை.