பச்சை உடம்புக்காரியின் தலைவலி

இதை ஒரு சாட்சியாக எழுதுகிறேன். ஆண்டவர் சுகம் தந்த பிறகும் என் பயம் முழுதாகப் போகவில்லை.

என் மகள் அமலி தலைப்பிரசவத்துக்குச் சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். வீடு திரும்பியதும் பத்தியம் தொடங்கியது. தாகம் என்று கேட்டபோதெல்லாம் வாய் நனையும் அளவுக்குத்தான் வெந்நீர். நான் பள்ளி ஆசிரியை. கொஞ்சம் கூடக் கொடுக்கலாமே என்றேன். என் நாத்தனார் விடவில்லை.

"பச்ச உடம்புக்காரிக்குத் தண்ணியக் குடுத்தா வயிறு தள்ளிப்போகும் மதினி. பெறகு அவ மாமியா நம்மளத்தான் ஏசுவாக."

நானும் அடங்கிவிட்டேன்.

சில நாளில் அமலிக்குத் தலைவலி வந்தது. காதில் காற்று ஏறிவிட்டது என்று துணி கட்டித் தைலம் தேய்த்தோம். குனிந்தால் வலி தாங்காமல் அழுதாள். ஒரு காலையில், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வலது கை வெட்டி இழுத்தது. குழந்தை மடியிலிருந்து சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். மகளைப் பிடிக்க முடியவில்லை.

கம்பம் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. வலிப்புக்கு ஊசி போட்டுத் தேனிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் வண்டியில் கண் திறந்தவளிடம் குழந்தையைக் காட்டினேன்.

"இது யாரு பிள்ள?" என்றாள்.

அதோடு நான் உடைந்துபோனேன். செபமாலை கையில் இருந்தும் செபம் வரவில்லை. அவள் உயிரைக் கேட்கக்கூடத் தைரியமில்லை. 'மாதாவே, இது என்னவென்று யாராவது ஒருவருக்குத் தெரியட்டும்' என்று மட்டும் கேட்டேன்.

தேனியில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா அந்த ஸ்கேனைப் பார்த்தார். பிரஷரைப் பார்த்தார். பிறகு, மகள் தண்ணீர் நன்றாகக் குடித்தாளா என்று கேட்டார். வாய் நனையும் அளவுக்குத்தான் கொடுத்தோம் என்றேன்.

"பிரஷர் கூடல. ஆனா பிரசவமாகித் தலைவலி, வலிப்புன்னா விட்டுற முடியாதும்மா. மூளையிலருந்து ரத்தம் வடியிற குழாய்ல ரத்தம் கட்டியிருக்கலாம். தண்ணி கொறஞ்சா அது இன்னும் சீக்கிரம் கட்டும். சாதா ஸ்கேன்ல அது தெரியாமப் போகும்."

குழாய்களைக் காட்டும் வேறு ஸ்கேன் எடுத்தார்கள். அவர் சந்தேகப்பட்டதே சரி. உறைவு பெருகாமலிருக்க ஊசி தொடங்கினார்கள். அதற்குப் பின்னும் வலிப்பு வந்தது. பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. எந்தச் சேலையை அவளுக்கு உடுத்தி அடக்கம் செய்வது என்றுகூட என் மனம் போனது.

பிறகு ஒரு மதியம் அவள் மெல்லக் கேட்டாள்: "பாப்பாவுக்குப் பால் குடுத்தாகளா?"

ஆண்டவரே, உமக்கு நன்றி. வேறு சொல் எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அவள் வலது கையில் இன்னும் பிடிப்பு முழுதாக வரவில்லை. மாத்திரை தொடர்கிறது. ஆனால் நான் இப்போது ஆண்டவரிடம் துணிந்து கேட்கிறேன். அவள் உயிரையே கேட்கிறேன், தினமும். நீங்களும் அவளுக்காகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் தலை வலிக்கிறது என்றால் செபித்துக்கொண்டே வண்டியைக் கூப்பிடுங்கள். வண்டிக்குள் அழுகிறவர்களின் குரலும் ஆண்டவருக்குக் கேட்கிறது.