பேஸ் தேடும் பரீத் பாய்

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் பரீத் பாய் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போவார். காந்தம் பட்டால் கடிகாரம் சண்டித்தனம் பண்ணும், தொழுகை நேரம் தவறிவிடும் என்பார். பிறகு "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து, பாடுகிற பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய ஸ்பீக்கர் ரிப்பேர் கடை. ஹாரன் ஓயாத இடம். அங்கே இருந்து இருந்து, காதை விடக் கையை நம்பப் பழகிவிட்டார்.

பாட்டில் பேஸ், அந்த அடித்தொனி, குறைந்துவிட்டது என்று யார் வந்தாலும் ஒரே பதில்தான். "பேஸ் எங்கயும் போயிராதுண்ணே. வீட்டுக்குள்ளதான் கெடக்கும். வாரேன், இருங்க." போய்ப் பார்த்தால் பெட்டி பீரோவுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். இறக்கிச் சுவரோரம் வைப்பார், வீடு அதிரும். ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

ஆயுத பூசை கழிந்த பத்தாம் நாள், விளாங்குடியிலிருந்து அழகுபாண்டி வந்து நின்றார். அவர் மகள் சரண்யாதேவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே போட்ட பலகையில் வெறுங்காலோடு நின்று, காலில் ஏறுகிற அதிர்வை வைத்தே ஆடுகிற பிள்ளை. பூசை கழிந்ததிலிருந்து அதிர்வு இல்லை, அடி தப்புகிறது. சனிக்கிழமை பள்ளி விழா. இப்படியே ஆடினால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"எம்புட்டு ஏத்துனாலும் தகரத்தத் தட்டுன மாதிரி கத்துது பாய். மாடி வீட்டு ராக்கம்மாக்கா சண்டைக்கு வந்துருச்சு. புதுசு வாங்கிரவா?"

"பொறுங்கண்ணே. அது நல்ல செட்டு."

வீட்டுக்குப் போய், பாட்டைப் போடச் சொல்லி, முதலில் ஒரு பெட்டியில் கை வைத்தார். அதிர்ந்தது. அடுத்ததும் அதிர்ந்தது. நடுப்பலகையில் ஏறி நின்றார். ஒன்றுமே இல்லை. சிரித்துக்கொண்டார்.

பெட்டிகளின் முன்துணியை நீக்கினார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர்களை உருவி, நுனியில் ஒரு பென்சில் செல்லைத் தொட்டார். வலது பெட்டியின் கோன், அந்தக் காகிதக் கூம்பு, வெளியே எட்டிப் பார்த்தது. இடது பெட்டியில் தொட்டார். அது உள்ளே போனது.

"பாத்தீங்களா? ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ஒரே கதவ ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் நின்னு தள்ளுனா தெறக்குமா?"

இடது பெட்டியைத் திருப்பினார். பூசைக்கு வைத்த சந்தனம், வயர் சொருகும் சிவப்புக் கிளிப்பை மூடியிருந்தது. குங்குமப் பொட்டு பக்கத்துக் கறுப்புக் கிளிப்பின் மேல் காய்ந்திருந்தது. பெட்டியைத் துடைத்துப் பூசை போட்டுத் திரும்ப வயர் மாட்டிய அழகுபாண்டி, சிவப்பாய் இருந்த இடத்தில் சிவப்பு வயரைச் சொருகியிருக்கிறார்.

அவர் மனைவி கனகலட்சுமி இடுப்பில் கை வைத்தாள். "நான் பொட்டு வச்சேன், சரி. நீங்க கண்ண எங்க வச்சிருந்தீக?"

"உன் பொட்டுலதான்" என்றார் அழகுபாண்டி.

பாய் வயரில் கை வைக்கவில்லை. "தங்கச்சி, மொதல்ல இத நீங்க தொடச்சிருங்க."

"நீங்களே தொடைங்க பாய், அதுல என்ன இருக்கு?"

"இல்லம்மா. சாமிக்கு வச்சது. வச்ச கையே எடுக்கட்டும்."

அவள் முந்தானையால் துடைத்தாள். பாய் வயரை மாற்றிச் சொருகினார். பாட்டுக் கிளம்பியது. பலகையில் ஏறிய சரண்யாதேவி திடுக்கிட்டுத் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். இரண்டு அடி விட்டு மூன்றாவதில் கால் பிடித்துக்கொண்டது.

அழகுபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏத்துங்க பாய், நல்லா ஏத்துங்க! பிள்ளைக்குத் தெரியட்டும்!"

பாய் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வால்யூம் குமிழைப் பிடித்தார். பிள்ளையின் பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பாதிக்குக் குறைத்தார். அடி தப்பவில்லை. இன்னும் கொஞ்சம் குறைத்தார்.