கஸ் ரடேக்கின் பிடரி

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, இருபத்திரண்டு வயதில் மேலே ஏறி வந்து, யார் சிபாரிசும் இல்லாமல் பெரிய லீகில் பேஸ்பால் அம்பயர் ஆனேன். இருபத்தாறு வருஷம். பந்து கையுறையில் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் என் குரல் மைதானத்தின் கடைசி வரிசைக்குப் போய்விடும். சொன்ன தீர்ப்பை மாற்றியதே கிடையாது. கஸ் ரடேக்கைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் எவனும் இல்லை.

கஸ் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்தைப் பிடிக்கிறவன். அவனுக்கும் பின்னால் குனிந்து நின்றவன் நான். பத்தொன்பது வருஷம் ஆடினான். வலது கையில் நாலு விரல் உடைந்து நாலு திசை பார்த்தன. ஊர் ஊராக ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் பார்த்ததெல்லாம் அவன் பிடரியைத்தான். கேட்சர் முகத்தைத் திருப்பி வாதாடினால் வெளியே அனுப்பிவிடுவோம். அதனால் பந்து வீசுகிறவனைப் பார்த்துக்கொண்டே என்னைத் திட்டுவான்.

“தப்பாச் சொல்றடா, வெர்ல். கரித்தூசி இன்னும் கண்ணை விட்டுப் போகலையா?”

“வாயை மூடிட்டு உக்காரு. உன் முட்டி கத்துற கத்துல எனக்குக் காதே கேக்கல.”

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மட்டையில் உரசித் திசைமாறிய பந்து என்மேல் பட்டால், எனக்கு மூச்சு திரும்பும்வரை அவன் சும்மா நடந்துபோய்ப் பந்து வீசுகிறவனிடம் பேசிவிட்டு வருவான். அவன்மேல் பட்டால், நான் முன்னால் போய், பையிலிருந்து சின்ன பிரஷை எடுத்து, தரையில் பதித்த வெள்ளைப் பலகையைத் துடைப்பேன். சுத்தமாக இருந்தாலும், அவன் நிதானத்துக்கு வரும்வரை துடைப்பேன். நன்றி என்று இரண்டு பேருமே சொன்னதில்லை.

அவனுடைய முப்பத்தெட்டாவது வயதில், ஓர் ஆகஸ்ட் வெயிலில், பந்து உரசிவந்து முகக்கவசத்தில் நெற்றிக்கு நேராக அடித்தது. முழங்காலில் சரிந்தான். நான் பிரஷோடு போய்க் குனிந்தேன். ஒரு கண் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது.

“வெர்ல், பந்து வீசறது யாரு?”

“ஹாலிஸ்டர்டா. ஆறு மாசமா உன்கூடத்தான ஆடறான்?”

“எந்த ஊர்ல இருக்கோம்?”

“டாக்டரைக் கூப்பிடறேன்.”

என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். “வேணாம்டா. இந்த வயசுல நடுவுல எழுந்து போனா வேற ஒருத்தன் வந்து உக்காந்துடுவான். அப்புறம் நான் அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் துடை.”

நான் கையைத் தூக்கியிருந்தால் போதும், ஆட்டம் நின்றிருக்கும். நான் துடைத்தேன். ஒவ்வொரு மூலையாகத் துடைத்தேன். அவன் எழுந்ததும் கூட்டம் கைதட்டியது. ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னேன்.

நாலாவது பந்து அதே இடத்தில் அடித்தது. அப்புறம் பிரஷுக்கு வேலையில்லை. நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பதினொரு வருஷம் கழித்துத்தான் அவன் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஆர்லீன் ஸ்பூனால் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரையும் அடையாளம் தெரியாது வெர்ல். பெத்த மகளையே நர்ஸம்மாங்கறாரு.”

முன்னால் போய் நின்றேன். அவன் பார்வை என்னைத் தாண்டிப் போனது. பழக்கதோஷம், அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். அதே பிடரி, நரைத்துப்போய்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள் ஆர்லீன். “மொத அடி பட்டப்போ நீங்கதான் கிட்ட இருந்தீங்க. அப்பவே அவருக்கு ஏதாவது ஆயிருந்துச்சா?”

“ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருந்தான்.” வழக்கம்போல உடனே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

கஸ் தலையைத் திருப்பவில்லை.

“தப்பாச் சொல்றடா, வெர்ல்.”

ஸ்பூன் பாதியில் நிற்க, ஆர்லீன் என்னைப் பார்த்தாள்.

இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு தீர்ப்பையும் மாற்றியவன் இல்லை. அன்றைக்கும் மாற்றவில்லை.