விருந்தறைக்குக் குடிபோன மைசூன்

“இந்த வீட்டுல வெயில் எட்டிப் பாக்குறது ஒரே ஒரு அறையிலதான். அதுல யாரு இருக்கா? யாருமில்ல. பூட்டி வச்சிருக்கோம்” என்று மைசூன்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

குளிர் தொடங்கியிருந்த ஒரு மாலை. வடக்கு அறையில் மண்ணெண்ணெய்க் கணப்பைச் சுற்றி முழங்கால்கள் இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மைசூனின் கணவன் ஃபவாஸ், அவனுடைய தங்கை லுஜைன், ஐந்து வயது மகள் ரீமாஸ், மேல்தெருவிலிருந்து நாள் தவறாமல் தேநீருக்கு இறங்கிவரும் ஃபவாஸின் பெரியப்பா அபு காலிப்.

“அது விருந்தாளிங்க அறைம்மா” என்றார் பெரியப்பா.

“விருந்தாளிங்க வருஷத்துக்கு எத்தன தடவ வர்றாங்க மாமா?”

“வரும்போது இருக்கணுமில்ல?”

“அவங்க வர்ற வரைக்கும் நாங்க இருக்கோம். வந்தா எந்திரிச்சு எடம் விடுறோம்.”

ஃபவாஸ் சிரிக்கவில்லை. “விடு மைசூன். அம்மான் நகரத்துல நாம போறதுக்கு ஒரு வீட்டப் பாத்துட்டு வந்துட்டேன். புதுக் கட்டடம். குழாய்ல வெந்நீர் ஓடி எல்லா அறையும் கதகதன்னு இருக்கு.”

“என் தையல் கடை?”

“மிஷினத் தூக்கிட்டுப் போனா ஆச்சு.”

“மிஷினத் தூக்கலாம். நாலு பள்ளிக்கூடத்து உடுப்பு ஆர்டர யாரு தூக்கிட்டு வருவா?”

அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, “இந்தக் குளிர் முடியட்டும். போன வருஷம் மாதிரி புள்ளைக்கு நெஞ்சடைச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம்னா, அன்னிக்கே சாமானக் கட்டுறோம். மறுபேச்சே கெடையாது” என்றான்.

“ஓடலன்னா?”

“ஓடலன்னா பாப்போம்.”

“பாப்போம்னா என்ன அர்த்தம்?”

ஃபவாஸ் கணப்பின் திரியைக் குறைப்பதுபோல் குனிந்துகொண்டான். பெரியப்பா இன்னொரு கோப்பை தேநீர் கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

லுஜைன் அன்றும் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பள்ளியில் அரபும் ஆங்கிலமும் கற்றுக்கொடுக்கிறவள், வீட்டுக்கு வந்தால் இரண்டிலும் பேசமாட்டாள் என்று அண்ணன் கேலி செய்வான். ஆனால் அண்ணி கேட்ட கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. அவள் பிறந்ததிலிருந்தே அந்தத் தெற்கு அறை பூட்டிக் கிடந்தது. நல்ல சோபாக்களும் பித்தளைக் காப்பிக் கூஜாக்களும் அங்கே வெயில் காய்ந்தன. மனிதர்கள் இந்தப் பக்கம் விரல் விறைக்க உட்கார்ந்திருந்தார்கள். ஸல்த் நகரத்தின் பழைய கல்வீடுகளில் பாதி இப்படித்தான். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றியதில்லை.

மறுநாள் மைசூன் கடையைச் சீக்கிரம் அடைத்தாள். தெற்கு அறையின் பூட்டைத் திறந்து, சோபாக்களை வளைவுக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். அந்த அறை பெரியது. நடுவில் ஒரு கல் வளைவு அதை இரண்டாகப் பிரித்தது. பிறகு தூபக்கலசத்தில் சாம்பிராணி போட்டு எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக, கதவு கதவாக மெதுவாக நடந்தாள். புகை நேராக ஏறிய இடத்தில் நகர்ந்தாள். புகை வளைந்த இடத்தில் நின்று சாக்பீஸால் கோடு போட்டாள்.

எதிர்வீட்டு உம் ராஷித் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். “என்ன மைசூன், யாரு கண்ணு பட்டுச்சு?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“கண்ணு இல்ல உம் ராஷித், காத்து! எந்தப் பக்கமா உள்ள வருதுன்னு தேடுறேன்!”

“கெடச்சா எனக்கும் சொல்லு. என் வீட்டுல அது வாடகை குடுக்காம குடியிருக்கு!”

கோடு போட்ட இடங்களையெல்லாம் பிழிந்து அடைக்கப் பிசின் குழாய்கள் வாங்கினாள். காசு கொடுத்து வாங்கியது அநேகமாக அது மட்டும்தான். கதவடிகளுக்குத் துணிப்பை தைத்து மணல் நிரப்பிப் போட்டாள். மேல் ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடியை மட்டும் திறந்தே விட்டாள். அதையும் மூடப்போன ஃபவாஸின் கையைத் தட்டிவிட்டு, “கணப்பு மூச்சு விட வேணாமா? அது மூச்சு முட்டுனா நம்மளும் சேந்து போய்ச் சேர வேண்டியதுதான்” என்றாள்.

அதுவரை பெரியப்பா பொறுத்துக்கொண்டார். மைசூன் தன் கல்யாண மெத்தைகளில் கை வைத்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் வெறுங்கையோடு புகுந்த வீட்டுக்கு வருவதில்லை. வெள்ளாவி வைத்ததுபோல் கழுவிக் காயவைத்த ஆட்டுரோமம் அடைத்த மெத்தைகள் கூடவே வரும். சுவர்ப்பிறையில் கூரை முட்ட அடுக்கிவைத்து, விருந்தாளிகள் தங்கும்போது மட்டும் இறக்குவார்கள். அடுக்கின் உயரத்தில்தான் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெருமை இருந்தது. மைசூன் ஒவ்வொன்றாக இறக்கித் தையலைப் பிரித்தாள். பள்ளி உடுப்பில் மிஞ்சிய நீலத் துணிகளை ஒட்டுப்போட்டு நீளநீளமான உறைகள் தைத்து, ரோமத்தை அதில் சன்னமாகப் பரப்பிக் குறுக்குத் தையல் போட்டாள். இரண்டு உறைகள் வளைவுக்குத் திரைச்சீலை ஆயின. மற்றவை அறையின் வடக்குச் சுவரில் ஏறின. குடும்பம் தெற்கு அறைக்குக் குடிவந்தது.

“எங்க தாத்தா கூடாரத்த விட்டுட்டுக் கல்வீட்டுக்கு வந்தாரு. நீ கல்வீட்டுக்குள்ளயே திரும்பவும் கூடாரம் போடுற” என்றார் பெரியப்பா.

“கூடாரத்துல அவருக்குக் குளிரலையாம் மாமா. நீங்கதான சொல்லுவீங்க!”

முதல் மழையில் அவள் தோற்றுப்போனாள். உறைகளைக் கல்லோடு கல்லாக ஒட்டி அடித்திருந்தாள். கல்லில் ஈரம் கசிய, ரோமம் அதைக் குடித்தது. ஒரு வாரத்தில் வீடு முழுவதும் நனைந்த ஆட்டின் வாடை. ரீமாஸ் இருமத் தொடங்கினாள். ஃபவாஸ் மகளின் கம்பளிக் கோட்டை எடுத்துக் கதவருகே மாட்டிவைத்தான், கிளம்பத் தயாராக. அந்தக் கோட்டைப் பார்த்தபோது அண்ணியின் முகம் போன போக்கை லுஜைன் மறக்கவில்லை. மைசூன் அழவில்லை. “சுவரோட ஈரத்தப் பாக்காம அவசரப்பட்டுட்டேன். அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் பிடுங்கி இறக்கினாள்.

அன்று முதன்முறையாக லுஜைன் தானாகவே எழுந்துபோய் உறையின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகச் சுமந்துபோய் வெயில் அடித்த நேரமெல்லாம் மாடியில் காயப்போட்டார்கள். மாடித் தளத்தில் கீறல் விட்டிருந்த இடங்களைப் பூசினார்கள். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். கடையில் சும்மா கிடந்த துணிச்சுருள் கட்டைகளைச் சட்டமாக அடித்து, சுவருக்கும் உறைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விட்டு மறுபடி மாட்டினார்கள். மேலும் கீழும் காற்று போய்வர வழி இருந்தது. அதற்குப் பிறகு வாடை வரவில்லை. ரீமாஸின் இருமலும் நின்றது.

ஜனவரியில் பனி கொட்டி மலைப்பாதை அடைபட்டது. பள்ளிகளை மூடினார்கள். அந்த நாட்களில்தான் லுஜைன் ஒன்றைக் கவனித்தாள். பகல் முழுக்கக் கணப்பைத் தொடவே இல்லை. வெயில் தெற்கு ஜன்னல் வழியாக வந்து தரைக் கல்லைச் சூடாக்க, மாலையில் அந்தக் கல்லே சூட்டைத் திருப்பிக் கொடுத்தது. முன்பு வாரத்துக்கு வராத மண்ணெண்ணெய் டப்பா இப்போது அடுத்த வாரமும் பாதிக்குமேல் இருந்தது. ரீமாஸ் செருப்பில்லாமல் ஓடினாள். ஃபவாஸ் பல தடவை குழந்தையின் முதுகில் காது வைத்துக் கேட்டான். மூச்சு சீராக இருந்தது. அவனுடைய முடிவு என்னவென்று மைசூன் கேட்கவில்லை. அம்மான் வீட்டுக்காரர் மட்டும் வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தார். பதில் சொல்லச் சொல்லி ஃபவாஸை அவர் நெருக்கியது லுஜைனுக்கும் கேட்டது.

பனி உருகியதும் லுஜைனைப் பெண் கேட்டு ஜாஹா வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை அவளோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் தம்பி. அவளுக்குச் சம்மதம்தான். ஆனாலும் ஜாஹா என்றால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூட்டமாக வந்து முறைப்படி கேட்க வேண்டும், காப்பி குடிக்க வேண்டும். எங்கே உட்கார வைப்பது?

“அந்த நீலச் சாக்கையெல்லாம் கழட்டிடும்மா. ஜாஹா வர்ற எடம் பள்ளிக்கூட வகுப்பு மாதிரி இருக்கு” என்றார் பெரியப்பா.

“கழட்டுறேன் மாமா. அன்னிக்கு ரீமாஸ உங்க வீட்டுல படுக்க வச்சுக்குங்க.”

“எங்க வீடு ஐஸ்பெட்டி மாதிரில்ல இருக்கும்?”

“அதான் கழட்டல.”

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஹாஜி மித்கல் தலைமையில் மாலைத் தொழுகைக்கு முன்னால் வந்தார்கள். தடித்த ஆட்டுத்தோல் அங்கிகளும் கோட்டுகளுமாக அறை நிறைந்துவிட்டது. வளைவின் திரைக்குப் பின்னால் பெண்கள். லுஜைன் அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹாஜி முதல் கோப்பைக் காப்பியை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். “காப்பியக் குடிங்க ஹாஜி, பொண்ணு உங்க பொண்ணுதான்” என்று பெரியப்பா குரல் உயர்த்திச் சொன்னார். குலவைச் சத்தம் அடங்கி, குனாஃபா இனிப்புத் தட்டு சுற்றிவந்தபோது ஹாஜி அங்கியைக் கழற்றினார். அடுத்தவர் கோட்டைக் கழற்றினார்.

“கணப்பக் கொஞ்சம் குறைங்கப்பா. வேர்க்குது” என்றார் ஹாஜி.

“அணைச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு ஹாஜி” என்றான் ஃபவாஸ்.

எல்லோரும் திரும்பி அணைந்த கணப்பைப் பார்த்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் மைசூன், “இத்தன பேரு மூச்சும் இருக்குல்ல” என்று லுஜைனின் காதில் முணுமுணுத்தாள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

ஹாஜி சுவரைத் தட்டிப் பார்த்தார். “ஒண்ணு கேக்கணும். நீங்க வீட்ட விட்டுட்டு அம்மான் போறதாக் கேள்விப்பட்டோம். நெசமா? நாளைக்கு மருமகளோட பொறந்த வீட்டுக்கு வரணும்னா நாங்க எங்க வர்றது?”

லுஜைனின் பிடி தானாக இறுகியது. ஜாஹா முன்னால் சொன்ன சொல்லை அந்த ஊரில் யாரும் திரும்ப எடுப்பதில்லை. ஃபவாஸுக்கும் அது தெரியும். அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

“இல்ல ஹாஜி. போகல. இங்கதான் இருக்கோம். நீங்க இங்கயே வாங்க.”

மைசூன் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான்.

“நல்லது” என்றார் ஹாஜி. “இந்த வேலைய யாரு செஞ்சது? என் வீட்டுக்கும் செய்யணும்.”

பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தினார். “எல்லாம் நம்ம பசங்கதான் ஹாஜி!”

திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைசூன் சிரிக்கவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

லுஜைன் பின்னாலேயே போனாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வழக்கம்போல வார்த்தை வரவில்லை. துண்டை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“பொண்ணே, ஒண்ணு கேக்குறேன், செய்வியா?” என்றாள் மைசூன், குழாயை மூடாமலே. “நீ போற வீட்டுல இதப் பத்தி உன்னக் கேப்பாங்க. ‘எங்க வீட்டுல செஞ்சாங்க’ன்னு சொல்லிட்டு சும்மா இருந்துடாத. நீ அதிகம் பேச மாட்ட, தெரியும். இத மட்டும் பேசு. மைசூன் செஞ்சான்னு பேரச் சொல்லு.”